தம்பிக்காகக் குதிக்கிறவள்

ஜூன் 3, செவ்வாய்

காலை இட்லி இரண்டு, தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. பதினொரு மணிக்கு மோர். மதியம் ஒரு கரண்டி சோறு, கீரைக் கடைசல். ராத்திரி கொள்ளு சூப்.

தின்பதையெல்லாம் எழுதி வைக்கச் சொல்லி ஆஸ்பத்திரி டயட்டீஷியன் உத்தரவு. சின்னப் பெண். என்னைப் பார்த்ததும் அவள் கண் முதலில் என் இடுப்புக்குத்தான் போனது. அதைக் குற்றம் சொல்ல மாட்டேன். ரேஷன் கடையில் விற்பனையாளராக நிற்பவள் நான். பார்த்த மாத்திரத்தில் எடை போடும் கண் எனக்கும் உண்டு. அம்மா அப்பா வைத்த பெயர் பூங்கொடி. ஊர் இத்தனை வருஷமாக அதை வைத்துச் சிரித்து முடித்துவிட்டது.

விஷயம் இதுதான். தம்பி செழியனுக்குக் கல்லீரல் போய்விட்டது. குடிக்காமலே போய்விட்டது என்றால் பண்ருட்டியில் ஒருத்தரும் நம்புவதில்லை. கொழுப்பு சேர்ந்து, முற்றி, இறுகிவிட்டதாம். ஆரோக்கியமாக இருக்கிற ஒருத்தருடைய கல்லீரலில் பாதியை வெட்டி வைத்தால் பிழைப்பான். கொடுத்தவருக்கு அது திரும்ப வளர்ந்துவிடுமாம். அவன் பெண்டாட்டி சுகந்திக்கு ரத்த வகை சேரவில்லை. அம்மாவுக்கு வயது தாண்டிவிட்டது.

"அதான் அண்ணி இருக்காங்களே" என்றாள் சுகந்தி.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "இருக்கேன்" என்றேன். நடந்த பேச்சு அவ்வளவுதான். கல்யாணம் ஆகாதவள், பிள்ளைகுட்டி இல்லாதவள், இதில் பேச என்ன இருக்கிறது?

ரத்த வகை சேர்ந்தது. ஆனால் ஸ்கேன் எடுத்தால் என் கல்லீரலிலும் கொழுப்பு. அதைக் கரைத்துக்கொண்டு வந்தால்தான் கத்தி வைப்பார்களாம். இரண்டு மாதம் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு மேல் செழியன் தாங்குவானா என்று டாக்டர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஜூன் 4, புதன்

நடக்கச் சொன்னார்கள். விடிகாலை ரயில்வே கேட் வரைக்கும் நடந்தேன். நாய்கள் கூடிவிட்டன. திரும்பி ஓடி வந்தேன். அதை ஓட்டம் என்று எழுதினால் ஓடுகிறவர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

டயட்டீஷியனுக்குப் போன் போட்டேன். "அப்ப வீட்லயே ஸ்கிப்பிங் பண்ணுங்க மேம். மெதுவா ஆரம்பிங்க. முட்டி வலிச்சா நிறுத்திடுங்க" என்றாள்.

கடைத்தெருவில் கயிறு கேட்டேன். "பாப்பா எந்த கிளாஸு?" என்றார் கடைக்காரர். "பாப்பாவுக்கு நாப்பத்திரண்டு வயசு" என்றேன். மனிதர் சிரிக்கவில்லை. பயந்துபோய் இருப்பதிலேயே நீளமான கயிறாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார்.

ஜூன் 5, வியாழன்

மொட்டைமாடி. கயிற்றின் நடுவை மிதித்துக்கொண்டு நின்றால் கைப்பிடி இரண்டும் அக்குள் வரைக்கும் வரவேண்டும். வந்தது. குதிகால் தரையில் படக்கூடாது, முன்பாதத்தில் இறங்கவேண்டும், ஓர் அங்குலம் எழும்பினால் போதும் என்று போனில் பார்த்து வைத்திருந்தேன். அந்த ஓர் அங்குலம்தான் கஷ்டமான அங்குலம்.

மார்பைப் பற்றி எந்த வீடியோவிலும் சொல்லவில்லை. முதல் குதியிலேயே தெரிந்தது. கீழே இறங்கி வந்து, போட்டிருந்ததற்கு மேல் இன்னொரு பாடியும் போட்டுக்கொண்டு மறுபடி ஏறினேன். ஒரு தாண்டு, கயிறு காலில் சிக்கும். இன்னொரு தாண்டு, சிக்கும். பக்கத்து மாடியில் துணி காயப்போட்ட பெண் ஒரு புடவையை ரொம்ப நேரம் காயப்போட்டாள்.

எத்தனை தாண்டினேன் என்று எண்ணவில்லை. எண்ணினால் அழுகை வரும் என்று நினைத்தேன். எண்ணாமலும் ஒன்றும் வரவில்லை.

ஜூன் 6, வெள்ளி

கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. படி இறங்கும்போது கைப்பிடிச் சுவரைக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

ஜூன் 9, திங்கள்

கடை திறப்பதற்கு முன்னால் மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்றேன். பொட்டலம் கட்டும் ஏழுமலை அண்ணன் முள்ளைப் பார்த்தார்.

"ரெண்டு சக்கரை மூட்டைக்குக் கொஞ்சம் கொறைச்சல் கொடிம்மா" என்றார்.

"எவ்ளோ கொறைச்சல்?"

"நம்ம கடையில ரெண்டு மூட்டைன்னு எறக்கறானே, அவ்ளோதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அவர், "அறுக்கப் போறாங்களே, பயமா இல்லையாம்மா?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். இல்லை. வயிற்றில் பாதி சுற்றளவுக்குக் கிழிப்பார்கள் என்று டாக்டர் படம் வரைந்து காட்டியபோதும் எனக்கு ஒன்றுமில்லை. வேறு யாருக்கோ சட்டை தைக்க அளவு சொல்கிறார்கள் என்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தேன். "இல்லண்ணே" என்றேன். "தைரியசாலி" என்று பாராட்டினார். தைரியம் இல்லை அது. என்னவென்று எனக்கும் தெரியவில்லை.

ஜூன் 14, சனி

எங்கள் வீடு ஒரே கட்டடம்தான். முன்பக்கம் செழியன் குடும்பம், பின்பக்கம் அம்மாவும் நானும், இரண்டுக்கும் தனித்தனி அடுப்பு. மாடி பொது. நான் குதிக்கும் இடம் அவன் படுத்திருக்கும் அறைக்கு நேர் மேலே என்று இன்றைக்குத்தான் உறைத்தது. இறங்கி வந்து, "தொந்தரவா இருக்காடா? அந்தப் பக்கம் போயிடட்டா?" என்றேன்.

கண் இரண்டும் மஞ்சள். வயிறு மட்டும் உப்பிக் கைகால் குச்சியாகிவிட்டான். சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"வாணாம்க்கா. அந்த சத்தத்துலதான் தூங்கறேன். நீ நிறுத்தனா முழிச்சிக்கறேன்."

நோய் வந்ததிலிருந்து அவன் என் முகத்தைப் பார்ப்பதில்லை. நானும் பார்க்கச் சொல்லவில்லை.

காலை அவல். மதியம் சோறு, கீரை. ராத்திரி கொள்ளு சூப்.

ஜூன் 18, புதன்

சீசன் இது. ஊர் முழுக்கப் பலாப்பழ வாசனை. சுகந்தியின் அப்பா இரண்டு பழம் கொண்டுவந்து போட்டார். ஒரு சுளை தொடவில்லை. யாரும் பார்க்கவில்லை, நானே எழுதி வைத்துக்கொள்கிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

கடை லீவு. காலையும் சாயங்காலமும் குதித்தேன். ஒரு நிமிஷம் தாண்டு, ஒரு நிமிஷம் நில், மறுபடி தாண்டு. இப்போதெல்லாம் கயிறு சிக்குவதில்லை. மணிக்கட்டைச் சுழற்றினால் போதும், தோளைச் சுழற்ற வேண்டாம் என்பதை யாரும் சொல்லாமல் கை தானே கண்டுபிடித்துக்கொண்டது. கடலூர் போகிற பாசஞ்சர் கேட்டைத் தாண்டுகிற வரைக்கும் குதிப்பேன். அந்த நேரத்தில் யாரும் என்னிடம் எதுவும் கேட்க முடியாது. மாவு தீர்ந்துவிட்டதா, கார்டுக்குப் பருப்பு வந்ததா, ஸ்கேன் எப்போது, ஒன்றும் கிடையாது. நாளில் எனக்குப் பிடித்த நேரம் அதுதான். செழியனுக்காக என்று வெளியில் சொல்லிக்கொள்கிறேன்.

இறங்கி வரும்போது அம்மா வாசலில் முந்திரி உரித்துக்கொண்டிருந்தாள். கம்பெனியிலிருந்து பருப்பு வாங்கி வந்து தோல் நீக்கிக் கொடுக்கிறாள். இந்த ஊரில் பாதி வீட்டில் நடக்கிற வேலை. நகத்தில் கறை. என்னை நிமிர்ந்து பார்த்து, "இன்னும் எவ்ளோதான்டி குதிப்ப? கொள்ளு சூப்பு ஆறுது, வந்து குடி" என்றாள்.

அம்மா கொள்ளு சூப் மாதிரி யாராலும் வைக்க முடியாது. மிளகு தூக்கலாக, நல்ல கெட்டியாக இருக்கும். அதைக் குடித்தால்தான் பத்தியம் என்ற நினைப்பே போகிறது. அடுப்படிப் பக்கம் என்னை விடுவதில்லை. "நீ குதிக்கற வேலையப் பாரு" என்பாள்.

ஜூன் 28, சனி

மழை. கூடத்தில் குதித்தேன். சாமி படம் விழுந்தது. கண்ணாடி உடையவில்லை.

ஜூலை 2, புதன்

கடை வரிசையில் ஒரு பெண்மணி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நம்ம கோயில்ல தம்பி வயித்துவலிய தீத்து வச்ச அக்கா நிக்கறாங்களே, அவங்களேதான்மா நீ" என்றாள். எங்கள் ஊர்க் கோயில் கதை. அந்த அக்காவும் கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஆனால் அவர் தம்பிக்குத் திருநீறு கொடுத்தார். அதோடு சரியாகப் போய்விட்டது. யாரும் அவரை மாடியில் ஏறிக் குதிக்கச் சொல்லவில்லை. இதைச் சொல்லாமல் அவளுக்கு அரிசியை நிறுத்துப் போட்டேன். வரிசை நீளமாக இருந்தது.

ஜூலை 10, வியாழன்

சென்னை. ஸ்கேன்.

குறையவில்லை. கொஞ்சம் அசைந்திருக்கிறது, போதாது என்றார் டாக்டர். இன்னும் ஒரு மாதம், அதற்கு மேல் உங்களை நம்பிக் காத்திருக்க முடியாது, பட்டியலில் பெயரைப் போட்டுவிட்டு யாராவது இறந்து கல்லீரல் கிடைத்தால் பார்க்கலாம் என்றார். அவர் கோபப்படவில்லை. அதுவே ஒரு மாதிரி இருந்தது.

டயட்டீஷியன் நான் எழுதியதைப் புரட்டினாள். "மேம், இத மட்டும் சாப்பிட்டு, இவ்ளோ ஸ்கிப்பிங்கும் பண்ணா, கண்டிப்பா எறங்கியிருக்கணும். மறக்காம எல்லாத்தையும் எழுதறீங்களா?"

"எழுதறேன்."

"நெஜமாவா மேம்?"

"நெஜமாதாம்மா."

அவள் பேனாவை மூடி வைத்தாள். நம்பவில்லை என்று தெரிந்தது.

பஸ்ஸில் விழுப்புரம் வரைக்கும் சுகந்தி பேசவில்லை. தாண்டியதும் ஆரம்பித்தாள். "கடையில ஒக்காந்து என்னா துன்றீங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? குடுக்க இஷ்டமில்லன்னா அன்னிக்கே வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே அண்ணி. நாங்க வேற யாரையாவது பாத்திருப்போம். எம்புள்ளைங்க மூஞ்சியப் பாத்துமா உங்களுக்கு வாயக் கட்ட முடியல?" பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவள் அழுதுகொண்டே பேசினாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. தூக்கம்தான் வந்தது.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். "கொறையலயா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

ஜூலை 14, திங்கள்

செழியனுக்குப் பேச்சு குழறுகிறது. பிள்ளைகளின் பெயர் மாற்றிச் சொல்கிறான். வயிற்றில் நீர் எடுக்கப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அம்மாவும் கூடப் போனாள். போகும்போது, "ஓட்டல்ல வாங்கித் துன்னாத. கொள்ளு ஊற வச்சிருக்கேன், வச்சிக் குடி" என்றாள். வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து, "இல்லன்னா இட்லியே துன்னுடி" என்றாள். பதற்றம் பாவம்.

கீழே கேட்பதற்கு ஆளில்லை. ஆனாலும் குதித்தேன்.

ஜூலை 16, புதன்

கொள்ளு சூப் நானே வைத்தேன். தண்ணீராக இருந்தது, துவர்த்தது. கொள்ளு கூடப் போட்டும் பார்த்துவிட்டேன். அம்மா கைப்பக்குவம் எனக்கு வராது.

ஜூலை 19, சனி

தராசில் ஏறினேன். ஏழுமலை அண்ணன் முள்ளைத் தட்டிப் பார்த்தார். இறங்கச் சொல்லி மறுபடி ஏறச் சொன்னார். "ஒரே வாரத்துல இம்மாம் எறங்கியிருக்கியே! என்னாம்மா பண்ண?" என்றார்.

"அதேதான்ணே. புதுசா ஒண்ணுமில்ல" என்றேன்.

ஜூலை 20, ஞாயிறு

எல்லோரும் வந்துவிட்டார்கள். செழியனுக்குத் தெளிவு வந்திருக்கிறது. நீர் மறுபடி சேரும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ராத்திரி அம்மா வைத்த சூப். கெட்டியாக இருந்தது. இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

மிக்ஸி ஜாரைக் கழுவப் போட்டிருந்தார்கள். மூடியின் ரப்பருக்கு அடியில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் வழித்து நாக்கில் வைத்தேன். முந்திரி.

முந்திரி எங்கள் வீட்டில் அதிசயமில்லை. உடைந்த பருப்பை அரைத்துக் குழம்பில், கூட்டில், பாயசத்தில், எதில்தான் ஊற்ற மாட்டோம். எங்கள் ஊர்க்காரி நாக்குக்கு முந்திரி தனியாகத் தெரியவே தெரியாது. ஆனால் இன்றைக்கு வீட்டில் குழம்பும் இல்லை, கூட்டும் இல்லை. கொள்ளு சூப்பும் கீரையும்தான்.

ஜாரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

ராத்திரி கொள்ளு சூப்.

ஜூலை 23, புதன்

காலை இட்லி. மதியம் கீரைக் கடைசல். அதிலும் இருக்கிறது. தேடினால் தெரிகிறது. ராத்திரி கொள்ளு சூப். பசி, குடித்தேன்.

ஜூலை 24, வியாழன்

இன்றைக்கும் குடித்தேன்.

செழியன் சுகந்தியிடம், "அக்கா ஏன் இன்னிக்குக் குதிக்கல?" என்று கேட்டானாம். சுகந்தி வந்து சொன்னாள். பஸ்ஸில் பேசிய பேச்சுக்குப் பிறகு அவள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அது. "கால் வலி" என்றேன்.

கால் வலிக்கவில்லை.

ஜூலை 25, வெள்ளி

சாயங்காலம் கடையை மூடிவிட்டு வந்தேன். சுகந்தி பிள்ளைகளை டியூஷனில் விடப் போயிருந்தாள். அம்மா அடுப்படியில் நின்று மிக்ஸியை ஓட்டிக்கொண்டிருந்தாள். நான் போய் சுவிட்சை அணைத்தேன். மூடியைத் திறந்தேன். பாதி ஜார் முந்திரி விழுது.

"எத்தினி நாளாம்மா?"

அம்மா பொய் சொல்லவில்லை. "நீ குதிக்க ஆரம்பிச்ச அன்னியிலருந்து" என்றாள்.

"ஏம்மா? அவன் அங்க செத்துக்கினு இருக்கான். ஒம்புள்ளம்மா அவன். சுகந்தி என்னத் திருட்டுத் தீனி துன்றவன்னு பஸ்ஸுல வச்சிக் கேட்டா. நான் துன்னுப்புட்டுதான் பொய் எழுதறேன்னு அந்த ஆஸ்பத்திரி பொண்ணு நெனைக்குது. நீ பாத்துக்கினு இருந்தியே!" கத்தினேன் என்று நினைக்கிறேன். தொண்டை இப்போதும் எரிகிறது.

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். விழுது பூசிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"ரெண்டு பேரையும் ஒரே நாள்ல உள்ள அனுப்பிட்டு என்னால வெளிய ஒக்கார முடியாதுடி. அவனுக்கு ஏதாவது ஆனா அழ பொண்டாட்டி இருக்கா, புள்ளைங்க இருக்கு, மாமனார் வூடு இருக்கு, ஊரே வரும். ஒனக்கு ஏதாவது ஆச்சின்னா? என்ன விட்டா யாருடி இருக்கா ஒனக்கு?"

"அப்ப அவன் போனா பரவாயில்லையா?"

"அப்படிச் சொல்லாத." காதைப் பொத்திக்கொண்டாள். கையை இறக்கிவிட்டு மறுபடி பேசினாள். "அவங் கெதிய நெனைச்சா அரைக்கக் கூடாதுன்னு தோணும். மேல நீ தொம் தொம்முனு குதிக்கறதக் கேட்டா கை தானா அரைக்கும். எது சரின்னு எனக்குத் தெரியலடி. ஒன்ன ஒருத்தர் கேக்கல. நானும் கேக்கல. கேட்டா நீ சரின்னுதான் சொல்லுவ. சின்னதுல இருந்து நீ எதுக்கு வாணாம்னு சொல்லியிருக்க?"

அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். எனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று இந்த வீட்டில் ஒருத்தி பயந்துகொண்டிருந்திருக்கிறாள். தினமும் பயந்திருக்கிறாள். சுகந்தி ஸ்கூட்டியை நிறுத்தும் சத்தம் கேட்கும் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். அழுதேன். நன்றாக, மூக்கு ஒழுக அழுதேன்.

ஜூலை 26, சனி

காலையில் சுகந்தியிடம் போனேன். "ஆமாம் சுகந்தி. நீ சொன்னது சரிதான். மறைச்சி வச்சித் துன்னுட்டேன். இனிமே துன்னமாட்டேன்" என்றேன்.

அவளுக்கு ஆத்திரப்படவும் தெம்பில்லை. "இப்பவாச்சும் ஒத்துக்கினீங்களே அண்ணி" என்றாள்.

அம்மா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் வாயைத் திறக்கப் பார்த்தாள். நான் ஒரு பார்வை பார்த்தேன். அம்மாவை நான் அப்படிப் பார்த்து அடக்கியது இதுதான் முதல் தடவை.

இன்றிலிருந்து எனக்கு நானே சமைத்துக்கொள்கிறேன். துவர்ப்பு சூப். மாடியில் இரண்டு வேளை.

ஜூலை 31, வியாழன்

நெஞ்சு அடைக்கிற வரைக்கும் குதித்தேன். யாருக்காகவும் சொல்லவில்லை, குதிக்கப் பிடித்திருக்கிறது. வேர்வை கண்ணில் இறங்கி எரிகிறது. எரிவது தெரிகிறது.

அம்மா மாடிக்கு ஏறி வந்தாள். முட்டி வலியோடு ஏறியிருக்கிறாள். ஒரு ஓரமாகத் தண்ணீர் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, முடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். போகும்போது, "கழுத்துல வேர்வையத் தொடச்சிக்கினு எறங்கு, சளி புடிக்கும்" என்றாள்.

ஆகஸ்ட் 6, புதன்

செழியனை மறுபடி சேர்த்திருக்கிறார்கள். இந்தத் தடவை சென்னையில். திருப்பி அனுப்ப மாட்டார்களாம்.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஸ்கேன். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இந்த ஒரு மாசத்துல என்னம்மா மாத்துனீங்க?" என்றார்.

"சமையல சார்."

போதும் என்றார். எடுக்கலாம் என்றார். சுகந்தி என் காலில் விழப் போனாள், பிடித்துத் தூக்கினேன். அம்மா ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அது நன்றியா வேறா என்று நான் கேட்கவில்லை. இரண்டும்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 20, புதன்

கமிட்டி. கொடுக்கிறவரைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்துவிட்டுத்தான் அனுமதி தருவார்களாம். மேஜைக்குப் பின்னால் நாலைந்து பேர். வீடியோ எடுத்தார்கள். வயதான டாக்டரம்மா ஒருவர் பேசினார்.

"கதவு சாத்தியிருக்கு. இங்க சொல்றது வெளிய போவாது. உங்களுக்கு இஷ்டமில்லன்னா சொல்லுங்க. உடம்பு ஒத்துக்கலன்னு வெளிய நாங்க சொல்லிக்கறோம். உங்க மேல யாரும் பழி போட மாட்டாங்க."

இப்படி ஒரு வழி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஜூன் மாசத்தில் தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று உட்கார்ந்து யோசித்தேன். அப்போதும் சரி என்றுதான் தலையாட்டியிருப்பேன். இஷ்டப்பட்டு இல்லை. இஷ்டமில்லாமலும் இல்லை. கேட்ட திசைக்குத் தலை ஆடியிருக்கும், அவ்வளவுதான்.

"யாராவது உங்கள கட்டாயப்படுத்தினாங்களாம்மா?"

"இல்லங்க. ஒருத்தர் தடுத்தாங்க."

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "யாரு?"

"எங்கம்மா."

"உங்க தம்பிக்கும் அவங்கதானே அம்மா?"

"ஆமாங்க."

அந்த டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அவங்க அவ்ளோ தடுத்தும் ஏம்மா குடுக்கணும்னு நெனைக்கறீங்க?"

"என்னத் தடுக்கவும் ஒரு ஆள் இருக்குன்னு தெரிஞ்சப்புறந்தாங்க குடுக்கணும்னே தோணுச்சு. அதுக்கு முன்ன நான் சும்மா குதிச்சிக்கினு இருந்தேன்."

சொல்லி முடித்ததும் குரல் உடைந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டேன்.

வெளியே அம்மா எழுந்து நின்றாள். "என்னடி கேட்டாங்க?" முகம் வெளிறியிருந்தது. "அந்த முந்திரி சமாச்சாரம் சொல்லிட்டியா? போலீசு கீலீசு வருமா?"

"வரும். ரெண்டு பேரு விலங்கோட வராங்க" என்றேன். அம்மா ஒரு கணம் நம்பிவிட்டாள். பிறகு முதுகில் ஒன்று வைத்தாள். வலித்தது.

ஆகஸ்ட் 25, திங்கள்

நாளைக்கு ஆபரேஷன். சாயங்காலத்தோடு சாப்பாடு நிறுத்திவிட்டார்கள். வயிற்றைச் சுத்தம் செய்து, சோப்புத் தண்ணீர் ஊற்றிக் குளிக்கச் சொன்னார்கள். பச்சைக் கவுன். கையில் பெயர்ப் பட்டை.

செழியன் அறைக்குக் கூட்டிப்போனார்கள். எனக்கு மாஸ்க், அவனுக்கு மாஸ்க். கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். இத்தனை மாதத்துக்குப் பிறகு நேராகப் பார்த்தான். "எளைச்சிட்டக்கா" என்றான்.

"ஆமாண்டா."

"வாணாம்னா இப்பவும் சொல்லுக்கா. நான் ஒண்ணும் நெனைக்கமாட்டேன். அன்னிக்கே ஒன்னக் கேட்டிருக்கணும். கேட்டு நீ வாணாம்னு சொல்லிட்டா என்னா பண்றதுன்னு பயந்துட்டேன்க்கா. அதான் ஒம் மூஞ்சியவே பாக்கல."

"இப்ப கேளு."

அவனுக்குப் புரியவில்லை.

"கேளுடா. ஒரு தடவ கேளு."

மாஸ்க்குக்குள் அவன் வாய் கோணியது. "எனக்குக் குடுக்கறியாக்கா?"

"குடுக்கறேன்."

திரும்பி என் படுக்கைக்கு வந்தேன். உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. நாளைக்குக் கத்தி வைக்கப் போவது என் வயிற்றில். கண் திறக்காமலே போய்விட்டால்? மாடி, கடை, பாசஞ்சர் சத்தம், அம்மா, எதுவும் இருக்காது. எனக்குச் சாக இஷ்டமில்லை. இவ்வளவு இஷ்டமில்லை என்று எனக்குத் தெரியவே தெரியாது.

அம்மா பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, பயமா இருக்கு" என்றேன்.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "இருக்கட்டும்டி" என்றாள். "நல்லா பயப்படு."

நர்ஸ் வந்துவிட்டாள். பேனாவை வாங்கிக்கொள்ள நிற்கிறாள்.